மாதாமாதம் தபாலில் வரும் நாணயங்கள்: மாமாவுக்கு என்ன சொல்வது?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் உங்கள் மாமா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பத்திரிகையில் விளம்பரம் பார்த்து மலிவாக ஒரு நாணயம் வாங்கினார். அப்புறம் மாதாமாதம் ஒரு பெட்டி வீடு தேடி வருகிறது, கார்டிலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கிறது, அலமாரியில் ஒரு தட்டே நிறைந்துவிட்டது. பேரப்பிள்ளைகளுக்குச் சேர்த்து வைக்கிறேன், நாளைக்கு நல்ல விலைக்குப் போகும் என்கிறார். இப்போது அதே மாதிரி தபாலிலேயே, ஆங்கிலேயர் காலத்தில் இங்கே புழங்கிய பழைய ஸ்ட்ரெய்ட்ஸ் டாலரும் இந்திய நாணயங்களும் வாங்கப் போகிறாராம். இது ஏமாற்று வேலையா, சேர்த்ததற்கு மதிப்பு இருக்கிறதா, பழைய நாணயம் வாங்க விடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

பெரும்பாலும் ஏமாற்று இல்லை. விளம்பரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் அனுப்புகிறார்கள். நல்ல விலைக்குப் போகுமா என்றால், போகாது. மாமா கொடுத்த விலையில் நாணயத்தின் பங்கு கொஞ்சம்தான். மீதி விளம்பரத்துக்கும், வெல்வெட் பெட்டிக்கும், தடித்த காகிதத்தில் வரும் சான்றிதழுக்கும், தபால் செலவுக்கும், அவர்கள் லாபத்துக்கும் போனது. விற்கப் போகும்போது இவற்றில் எதற்கும் யாரும் காசு தர மாட்டார்கள். இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது: அதே கம்பெனிக்குப் போன் போட்டு, "நீங்கள் விற்ற இந்த நாணயத்தை இன்றைக்குத் திருப்பிக் கொடுத்தால் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள். பலர் "நாங்கள் திரும்ப வாங்குவதில்லை" என்பார்கள். விலையைப் பற்றி மாமா தெரிந்துகொள்ள வேண்டியது அந்தப் பதிலிலேயே இருக்கிறது.

இந்த வியாபாரம் நடக்கும் விதம் புதிதும் அல்ல, ரகசியமும் அல்ல. முதல் நாணயத்தை அடக்க விலைக்கும் கீழே கொடுப்பார்கள், தபால் செலவு இலவசம் என்பார்கள். படிவத்தின் அடியில் பொடி எழுத்தில், "இந்தத் தொடரின் அடுத்த நாணயங்கள் பார்வைக்கு அனுப்பப்படும், இத்தனை நாளுக்குள் திருப்பி அனுப்பாவிட்டால் கட்டணம் எடுக்கப்படும்" என்று இருக்கும். பார்த்துவிட்டு வேண்டாமென்றால் திருப்பி அனுப்பும் இந்த முறை அமெரிக்காவில் பல தலைமுறையாக நடக்கிறது. 1945இல் தொடங்கிய லிட்டில்டன் என்ற நிறுவனம் இன்றும் வெளிப்படையாகவே இப்படி விற்கிறது. திருப்பி அனுப்பும் பழக்கம் உள்ளவருக்கு இதில் நஷ்டமில்லை. ஆனால் நம்மில் எத்தனை பேர் பெட்டியைத் திரும்பக் கட்டி தபால் நிலையத்தில் வரிசையில் நிற்போம்? அந்தச் சோம்பல்தான் அவர்களுக்கு வருமானம்.

நாளைக்கு விலை ஏறும் என்ற கதைக்குப் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. 1964இல் தொடங்கப்பட்ட ஃபிராங்க்ளின் மிண்ட் என்ற அமெரிக்கத் தனியார் நிறுவனம், வெள்ளிப் பதக்கங்களையும் சிறு நாடுகளுக்கான நாணயங்களையும் தொடர் தொடராக அடித்து, சந்தா முறையில் தபாலில் விற்றது. லட்சக்கணக்கானவர்கள் வாங்கினார்கள். 1980 ஜனவரியில் வெள்ளி விலை அவுன்ஸுக்கு 50 அமெரிக்க டாலரை ஒட்டிப் போனபோது, அந்தப் பதக்கங்கள் ஏராளமாக உலைக்குத்தான் போயின. உருக்கினால் வரும் காசு, சேகரிப்பவர் தரும் காசைவிட அதிகமாக இருந்தது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் விற்றவர்களாவது உலோகத்துக்குரிய பணத்தைப் பார்த்தார்கள். மாமாவின் பெட்டியில் இருப்பதில் பாதி தங்க முலாம் பூசிய செப்பு நிக்கலாக இருக்கும் என்று நினைக்கிறேன், அதை உருக்கினாலும் காசு வராது.

முலாம் என்றதும் கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன். விளம்பரத்தில் "24 காரட் சொக்கத் தங்கம் பூசியது" என்று பெரிய எழுத்தில் இருக்கும். 24 காரட் என்பது பொய்யில்லை, பூசியிருக்கும் தங்கத்தின் தரம் அதுதான். அளவைத்தான் சொல்ல மாட்டார்கள். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள நாணயம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் விளிம்பும் சேர்த்து சுமார் 29 சதுர சென்டிமீட்டர் பரப்பு. முலாம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனம் என்று வைத்தால், மொத்தத் தங்கம் 0.0056 கிராம், அதாவது ஆறு மில்லிகிராம்கூட இல்லை. தங்கம் கிராம் 200 டாலர் என்றே வைத்தாலும், அந்த நாணயத்தில் இருக்கும் தங்கத்தின் மதிப்பு ஒரு டாலர் சொச்சம். கனம் இதைப்போல ஐந்து மடங்கு என்றாலும் ஆறு டாலரைத் தாண்டாது. சிராங்கூன் ரோடு நகைக்கடையில் அதை நீட்டினால் தராசில்கூட வைக்க மாட்டார்கள்.

அதே விளம்பரத்தில் இன்னும் சில வார்த்தைகள் வரும். "சட்டப்படி செல்லும் நாணயம்" என்றிருந்தால் எந்த நாட்டுச் சட்டம் என்று பாருங்கள். நியுவே, குக் தீவுகள், துவாலு மாதிரி குட்டி நாடுகளின் பெயரில் வரும் சேகரிப்பு நாணயங்கள் ஏராளம். முகமதிப்பு ஒரு டாலரோ இரண்டு டாலரோ இருக்கும், அதையும் நம் ஊர் வங்கியில் மாற்ற முடியாது. "உலகம் முழுதும் 9,999 மட்டுமே" என்றால், இந்த வடிவத்தில் மட்டும் அவ்வளவு என்று அர்த்தம். அடுத்த மாதம் வேறு படத்தோடு இன்னொரு 9,999 வரும். நம்பகச் சான்றிதழ் என்ற காகிதம் விற்பவரே அச்சடித்தது. சாதாரணப் புழக்க நாணயத்தின் மேல் வண்ணப்படம் அச்சிட்டு விற்பதும் உண்டு, சேகரிப்பவர்கள் அதைக் கெட்டுப்போன நாணயமாகத்தான் பார்ப்பார்கள்.

உண்மையான வெள்ளி நாணயமாக இருந்தால் கொஞ்சம் பரவாயில்லை. 999 என்றால் சுத்த வெள்ளி, 925 என்றால் நூறில் தொண்ணூற்றிரண்டரைப் பங்கு. 20 கிராம் 925 நாணயத்தில் 18.5 கிராம் வெள்ளி. வெள்ளி விலையை அவுன்ஸ் கணக்கில் சொல்வார்கள், அந்த அவுன்ஸ் என்றால் 31.1 கிராம். அன்றைய வெள்ளி விலையைப் போட்டுப் பெருக்கினால் நாணயம் எவ்வளவுக்குக் கீழே போகாது என்று தெரிந்துவிடும். விளம்பர விலை அதைப்போல மூன்று மடங்கு என்றால் மீதி இரண்டு மடங்கு எதற்கு என்று கேட்க வேண்டியதுதான். வெள்ளி மேல் ஆசை என்றால், சட்ட அமைச்சில் பதிவு செய்த உலோக வியாபாரியிடம் முதலீட்டு நாணயம் வாங்கிவிடலாம். 2019இல் வந்த சட்டப்படி தங்கம், வெள்ளி விற்பவர்கள் பதிவு செய்தாக வேண்டும். 2012 அக்டோபரிலிருந்து முதலீட்டுத் தரத் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் ஜிஎஸ்டி கிடையாது. முலாம் பூசியதற்கும், உலோக மதிப்புக்கு மேல் சேகரிப்பு விலை வைத்த நாணயத்துக்கும் அந்தச் சலுகை கிடைக்காது, 9 சதவீதம் கட்டித்தான் ஆக வேண்டும். வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்தாலும் அப்படித்தான்: 400 டாலருக்குள் என்றால் 2023இலிருந்து இங்கே பதிவு செய்த வெளிநாட்டு விற்பனையாளரே வரியைச் சேர்த்து வாங்கிவிடுவார், அதற்கு மேல் என்றால் இறக்குமதியின்போது கட்ட வேண்டும். விலையை ஒப்பிடும்போது பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

சரி, பழைய நாணயத்துக்கு வருவோம். மாமாவின் ரசனை இந்தப் பக்கம் திரும்பியது நல்லது என்றுதான் சொல்வேன். அதே நேரம், இதுவரை அவர் பார்க்காத அபாயமும் இங்கேதான் இருக்கிறது: போலி.

ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர் 1903இல் வந்தது, ஏழாம் எட்வர்ட் தலை போட்டது. 1903, 1904 நாணயங்கள் 26.95 கிராம், 90 சதவீத வெள்ளி. 1906இல் டாலரின் மதிப்பை பிரிட்டிஷ் பணத்தில் 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலையாகக் கட்டினார்கள். வெள்ளி விலை ஏறிக்கொண்டிருந்ததால் நாணயத்தை உருக்குவதே லாபம் என்ற நிலை வரப் பார்த்தது, அதனால் 1907இல் எடையை 20.21 கிராமாகக் குறைத்தார்கள். 1919, 1920இல் ஐந்தாம் ஜார்ஜ் தலையோடு வந்தது இன்னும் சிறியது: 16.85 கிராம், வெள்ளி பாதிதான். ஆகவே ஆண்டையும் எடையையும் சேர்த்துப் பார்த்தாலே பாதிப் போலிகள் அகப்பட்டுவிடும். 1908 என்று போட்டு 27 கிராம் எடையில் ஒன்று வந்தால் மேலே பேச்சே வேண்டாம். இதோடு சேர்த்து விற்கப்படும் இன்னொன்று பிரிட்டிஷ் டிரேட் டாலர், பிரிட்டானியா என்ற பெண் உருவம் நின்ற கோலத்தில் இருக்கும், மறுபக்கம் சீன எழுத்தும், மலாய் மொழியை அரபு வடிவில் எழுதும் ஜாவி எழுத்தும். 1895 முதல் 1935 வரை அடித்தது, அதுவும் 26.95 கிராம், 90 சதவீதம். தென்கிழக்கு ஆசியா முழுக்க சுற்றுலாக் கடைகளில் இதன் போலிகள் குவிந்து கிடக்கின்றன.

எடை சரியாக வரும்படி போலி செய்பவர்களும் உண்டு. அவர்களைப் பிடிக்க நகைக்கடைக்காரர் பயன்படுத்தும் பழைய வழி போதும், சமையலறை மேசையிலேயே செய்யலாம். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன மின்தராசு ஒன்று வாங்குங்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, அளவை பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுதும் மூழ்கும்படி, ஆனால் அடியையோ பக்கத்தையோ தொடாமல், கையால் பிடித்துத் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண், நாணயம் விலக்கிய தண்ணீரின் எடை. நாணயத்தின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் 90 சதவீத வெள்ளிக்கு 10.3 பக்கம் வர வேண்டும். 26.95 கிராம் நாணயம் என்றால் தராசு 2.6 காட்டும். செப்பு நிக்கல் போலி என்றால் 3.0 காட்டும். அந்த வித்தியாசம் சின்னத் தராசுக்கே நன்றாகத் தெரியும். தேய்ந்த நாணயத்தின் எடை கொஞ்சம் குறைந்திருந்தாலும் இந்த விகிதம் மாறாது என்பது இதில் வசதி. காந்தம் ஒட்டவில்லை என்பதை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள், செப்பு நிக்கலும் பித்தளையும்கூட ஒட்டாது. முடிந்ததும் மெத்தென்ற துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்கக் கூடாது.

இந்திய நாணயங்களில் மாமா மாட்டக்கூடிய இடம் எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நம்மவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் மாட்டுகிறார்கள். ஒரு பக்கம் ராமர், சீதை, லட்சுமணர், அனுமன். மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, அரை அணா, 1818. சில நேரம் 1616, 1717 என்றும் போட்டிருக்கும். கம்பெனி அப்படி ஒரு நாணயம் அடித்ததே இல்லை. பின்னாளில் பக்தர்களுக்காகவும் சுற்றுலாப் பயணிகளுக்காகவும் அடிக்கப்பட்ட வில்லைகள் அவை. பூஜை அறையில் வைக்கலாம், ஐந்து டாலருக்கு மேல் கொடுக்க வேண்டாம். வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று வரும் செய்திகளும் அதே ரகம்தான். முன்பணமாகக் கமிஷன் கேட்டு ஏமாற்றுகிறார்கள் என்று இந்திய ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை விட்டது. அதேபோல "அரிய சோழர் காசு" என்று ராஜராஜன் செப்புக் காசை ஏகப்பட்ட விலை சொல்வார்கள். ஒரு பக்கம் நின்ற உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவமும் பக்கத்தில் நாகரி எழுத்தும். அழகான காசு, ஆயிரம் ஆண்டு பழையது, கையில் வைத்துப் பார்க்கவே ஒரு மாதிரி சிலிர்ப்பாக இருக்கும், எல்லாம் உண்மை. ஆனால் அரிது இல்லை, நிறையக் கிடைத்திருக்கிறது.

இதில் சட்டச் சிக்கல் ஒன்றும் உண்டு. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயத்தைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. விக்டோரியா ரூபாயும் இதில் அடக்கம். இந்தியாவிலிருந்து தபாலில் அனுப்புகிறேன் என்று ஒருவர் சொன்னால், சுங்கத்தில் பிடிபட்டால் நாணயம் போய்விடும், பணமும் பெரும்பாலும் திரும்பாது. பழைய இந்திய நாணயம் வேண்டுமென்றால் இங்கேயோ இங்கிலாந்திலோ நெடுங்காலமாக இருக்கும் சரக்கைப் பார்த்து வாங்குங்கள்.

தபாலில் வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நல்ல வியாபாரிகள் இருக்கிறார்கள். அந்த நாணயத்தையே இரண்டு பக்கமும் படம் எடுத்துக் காட்டுவார்கள், மாதிரிப் படம் போட மாட்டார்கள். எடை, விட்டம், ஆண்டு, சுத்தம் செய்யப்பட்டதா என்பதெல்லாம் கேட்காமலே எழுதியிருப்பார்கள். காரணம் கேட்காமல் திருப்பி வாங்கிக்கொள்ள ஒரு வாரமாவது அவகாசம் தருவார்கள். கொஞ்சம் விலை கூடிய நாணயம் என்றால் நாணயங்களுக்குத் தரம் போடும் பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி நிறுவனம் தரம் பார்த்து மூடிய பிளாஸ்டிக் உறையில் வாங்கலாம். 1 முதல் 70 வரை மதிப்பெண் போட்டிருப்பார்கள், உறை எண்ணை அவர்கள் தளத்தில் தட்டினால் பெரும்பாலும் அந்த நாணயத்தின் படமே வரும், கையில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இப்போது உறையையே போலியாகச் செய்கிறார்கள், அதனால் எண் பொருந்தினால் மட்டும் போதாது. விலைக்கு, பட்டியல் புத்தகத்தைவிட ஏலத்தில் உண்மையில் விற்று முடிந்த விலையை நம்புங்கள். பேநவ் என்ற உடனடி வங்கிப் பணமாற்றம் வேண்டாம், கார்டில் கட்டுங்கள், தகராறு வந்தால் வங்கி மூலம் பணத்தைக் கேட்க வழி இருக்கும். பொட்டலத்தைப் பிரிக்கும்போது போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். பதிவுத் தபாலோ காப்பீடோ இல்லாமல் சாதாரண உறையில் நாணயம் அனுப்புகிறவரிடம் இரண்டாம் தடவை வாங்காதீர்கள்.

உள்ளூர் விற்பனையாளர் என்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது, 20,000 டாலர் வரை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வக்கீல் தேவையில்லை. வெளிநாட்டுக் கம்பெனிக்கு அது பெரிதாக உதவாது. இங்கே தபால் பெட்டி முகவரி மட்டும் வைத்திருப்பவரையும் வெளிநாடாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

மாமாவின் அலமாரிக்கு இப்போது என்ன செய்வது? முதலில் சந்தாவை நிறுத்துங்கள். மின்னஞ்சலில் எழுத்தாக, "இனி எந்த நாணயமும் அனுப்ப வேண்டாம், இந்தத் தேதிக்குப் பிறகு வருவதற்குப் பணம் கட்ட மாட்டேன்" என்று அனுப்பி, பதிலையும் எடுத்து வையுங்கள், வங்கிக்கும் சொல்லிவிடுங்கள். கேட்காத பொருளை அனுப்பிவிட்டுப் பணம் கேட்க முடியாது என்று இங்கே 2009இலேயே பயனீட்டாளர் பாதுகாப்பு விதி வந்துவிட்டது. ஆனால் மாமா கையெழுத்துப் போட்ட படிவத்தில் தொடருக்கு ஒப்புக்கொண்டிருந்தால் அது கேட்காத பொருள் ஆகாது, அதனால்தான் எழுத்தில் ரத்து செய்வது முக்கியம். பிறகும் தொல்லை தந்தால் பயனீட்டாளர் சங்கத்திடம் போங்கள்.

அப்புறம் இருப்பதைப் பிரியுங்கள். வெள்ளி, தங்கம் என்று முத்திரை உள்ளவை தனியாக. சிங்கப்பூர் வெளியீடுகள் தனியாக, அவற்றின் பெட்டியையும் சான்றிதழையும் தூக்கிப் போடாதீர்கள், அவற்றுக்கு மட்டும் பெட்டியோடு இருந்தால் மதிப்பு. முலாம் பூசியவை தனியாக, அவை பேரப்பிள்ளைகள் விளையாடத் தாராளமாகக் கொடுக்கலாம். விற்கும் எண்ணம் இருந்தால் பெனின்சுலா, பிராஸ் பசா பக்கம் உள்ள நாணயக் கடைகளில் குறைந்தது மூன்றில் விலை கேளுங்கள், ஒருவர் சொன்னதை அடுத்தவரிடம் சொல்ல வேண்டாம். 1981இல் சேவல் ஆண்டோடு தொடங்கிய சீன ராசி நாணயங்கள் அந்த அலமாரியில் இருந்தால், வெள்ளி ரகங்களை வெள்ளிக் கணக்கில் பாருங்கள். நிக்கல் ரகங்களில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், நிறைய அடித்துவிட்டார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் மாமாவைக் கையைப் பிடித்துத் தடுங்கள்: விற்பதற்கு முன்னால் பளபளப்பாக்குகிறேன் என்று தீபாவளி விளக்குக்குப் போடுகிற மாதிரி புளி போட்டுத் தேய்ப்பது. தேய்த்த நாணயத்தைக் கடைக்காரர் விளக்கொளியில் ஒருமுறை சாய்த்தாலே மயிரிழைக் கோடுகள் தெரியும், விலை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். வளையும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் இருந்தால் அதிலிருந்து எடுத்துவிடுங்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்த பிளாஸ்டிக் நாணயத்தின் மேல் பச்சையாகப் பிசுபிசுக்கும். கெட்டியான காப்ஸ்யூல், டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம், அது போதும்.

நாணயம் சேர்க்கும் ஆசை நிற்க வேண்டியதில்லை. 1967இல் வந்த நம் முதல் தொடரை அவரிடம் எடுத்துக் காட்டுங்கள்: பத்து காசில் கடல்குதிரை, இருபது காசில் வாள்மீன், ஐம்பது காசில் சிங்கமீன், ஒரு டாலரில் கல் சிங்கம். மாமா சின்ன வயதில் இதையெல்லாம் கொடுத்துத்தானே ஐஸ் வாங்கித் தின்றிருப்பார். 1985இல் பூக்கள் தொடர் வரும் வரை ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒவ்வொன்று என்று தேடிச் சேர்த்தால் பல மாதம் ஓடும், பெரும்பாலானவை சில டாலர்தான், போலி செய்ய யாருக்கும் அதில் லாபமில்லை. ஸ்ட்ரெய்ட்ஸ் டாலரை அப்புறம் பார்க்கலாம். அவர் குறித்து வைத்திருக்கும் விளம்பரத்தில் எடை போட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள், போடவில்லை என்றால் முதலில் அதைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.